புறநகர்களில் நடந்து போக வழி செய்க: மண்டல விதி, மனைப்பிரிவு, சாலை, பேருந்து நான்கையும் ஒரே ஆணையில் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்
புறநகர்க் குடியிருப்போர், நகரமைப்பு வல்லுநர்கள், சாலைப் பொறியாளர்கள் (கூட்டு மனு)

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
நகர்ப்புற வளர்ச்சித் துறை

பொருள்: காரை நம்பியே இயங்கும் புறநகர்களில் மண்டல விதிகள், மனைப்பிரிவு வரைபடங்கள், சாலை வடிவமைப்பு, பேருந்துத் தடங்கள் ஆகியவற்றை ஒருசேரத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். புறநகரில் ஒரு மாத்திரை அட்டை வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. வீடுகளை விட்டுக் கடையை விலக்கி வைக்கிறது, எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டல விதி. அந்தக் கடைக்குக் குறுக்கே போகும் வழியை அடைத்துவிடுகிறது மனைப்பிரிவு வரைபடம். மிச்சமிருக்கும் ஒரே சாலையில் வண்டிகள் பறக்க வழி செய்கிறது சாலைத் துறை. அதே சாலையில் மணிக்கு ஒரு பேருந்து விடுகிறது போக்குவரத்துத் துறை. நான்கு முடிவுகளும் நான்கு மேசைகளில் எடுக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் திருத்தினால் மற்ற மூன்றும் அந்தத் திருத்தத்தைச் செல்லாக்காசாக்கிவிடும். ஆகவே, முதற்கட்டமாக இரண்டு பேருந்துத் தடங்களைத் தேர்ந்து, அவற்றின் இருபுறமும் நான்கையும் ஒரே ஆணையில் திருத்துமாறு கோருகிறோம்.

முதலில், தூரத்தை அளக்கும் முறை மாற வேண்டும். திட்ட வரைபடங்களில் நிறுத்தத்தை மையமாக வைத்து 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருப்போர் எல்லாம் ‘நடக்கும் தூரத்தில்’ இருப்பதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். ஆளுக்குச் சிறகு இருந்தால் அது சரி. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சீராக ஓடும் ஊரில்கூட, 800 மீட்டர் நடையில் எட்டும் பரப்பு அந்த வட்டத்தில் 64 விழுக்காடுதான். முட்டுச் சந்துகளும் சுற்றுச்சுவர்களும் நிறைந்த மனைப்பிரிவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பின்சுவருக்கு அப்பால் தெரியும் நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகும் வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. எனவே தூரக் கணக்கு அனைத்தும் நடைவழியின் நீளத்தை வைத்தே இருக்க வேண்டும்.

இருக்கும் மனைப்பிரிவுகளைத் திறந்துவிட வீடு எதையும் இடிக்க வேண்டியதில்லை. மழைநீர் வடிகால், மின்கம்பி, குழாய்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பட்டைகள் பல முட்டுச் சந்துகளின் கடைசியில் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றை 3 மீட்டர் அகல நடைவழிகளாக்கலாம். சில நிபந்தனைகள் மட்டும் தவறக் கூடாது: ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிய வேண்டும், நீளம் 60 மீட்டருக்குள் இருப்பது நல்லது, இருபக்கச் சுவரும் 1.2 மீட்டருக்கு மேல் கம்பித் தடுப்பாக இருக்க வேண்டும், விளக்கு வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இருட்டிய பின் அந்த வழியில் ஆள் நடக்க மாட்டார்கள். ‘பாதுகாப்பில்லை’ என்று அக்கம்பக்கத்தார் கேட் போடுவார்கள். பிறகு கேட்டுக்குப் பூட்டு வரும். இதைத் தடுக்க, நடைவழியைப் பொதுவழியாகப் பதிவு செய்து உள்ளாட்சியின் பராமரிப்பில் வைக்க வேண்டும், குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் விடக் கூடாது. புதிய மனைப்பிரிவுகளில் ஒரு தெருக்கட்டின் (நாற்புறமும் தெரு சூழ்ந்த மனைத் தொகுதியின்) சுற்றளவு 500 மீட்டரைத் தாண்டினால், நடுவே நடைவழி இல்லாமல் ஒப்புதல் தரக் கூடாது.

அடுத்தது, சாலையைக் கடப்பது. காலையில் வீட்டுப் பக்கம் பேருந்து ஏறுபவர் மாலையில் எதிர்ப்பக்கம் இறங்குகிறார். ஆக, போய்வரும் ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை அந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். கடக்க முடியாத சாலையில் நிழற்குடைக்குச் செலவிடுவது வீண். சாலையில் மூன்றரை மீட்டர் அகல வண்டித் தடங்கள் ஆறு என்றால் 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 18 நொடி ஆகும்; 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 26 நொடி. சிக்னலில் நடப்போருக்கான நேரத்தை முதல் வேகத்தில் கணக்கிட்டால், முதியவர் இன்னும் ஏறத்தாழ 7 மீட்டர் போக வேண்டியிருக்கும்போதே வண்டிகள் கிளம்பிவிடும். தடங்களை 3 மீட்டருக்குக் குறைத்து, மிச்சமாகும் 3 மீட்டரில் நடுவே நின்று செல்லத் திட்டு அமையுங்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நிற்க, திட்டின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சிக்னல் சுற்று 120 நொடியாக இருந்தால் 90 அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். அதிக நேரம் நிற்க வைத்தால் மக்கள் சிவப்பிலேயே கடப்பார்கள்.

வேகத்தைப் பற்றிய ஒரு கணக்கையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் நிற்க 28 மீட்டர் ஆகும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது காரின் ஓட்டுநர் பிரேக்கில் காலே வைத்திருக்க மாட்டார். வேக வரம்புப் பலகை மட்டும் இதை மாற்றாது. தட அகலம், திருப்பத்தின் வளைவு, மேடான கடவை ஆகியவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. திருப்பங்களின் வளைவு ஆரம் 10 மீட்டருக்கு மேல் இருந்தால் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பும். 4 மீட்டர் அளவுக்குச் சுருக்கினால் மெதுவாகத்தான் திரும்ப முடியும், கடக்கும் தூரமும் குறையும். சிக்னலில் நிற்காமல் திரும்ப விட்டிருக்கும் தனிப் பாதைகளை மூட வேண்டும்.

நடைமேம்பாலம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சாலைக்கு மேலே 6 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் 1:12 சரிவில் அதற்கு 72 மீட்டர் சாய்தளம் வேண்டும்; இறங்க இன்னொரு 72. இருபத்தொரு மீட்டரைக் கடக்க நூற்றைம்பதுக்கும் மேல் நடக்கச் சொன்னால், மக்கள் மீடியனை ஏறித் தாண்டத்தான் செய்வார்கள். அப்புறம் மீடியனில் வேலி வரும், வேலியில் ஓட்டை விழும்.

நடைபாதைக்கு 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும். மின்பெட்டி, கம்பம், மரம் போக மிஞ்சுவதையே அகலமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டு வாசல்களில் நடைபாதை இறங்கி ஏறக் கூடாது. அது மட்டமாகவே ஓடட்டும், கார் ஏறி இறங்கிக்கொள்ளட்டும்.

பேருந்துக்கு வருவோம். மணிக்கு ஒன்று வரும் பேருந்தை நேரம் பார்க்காமல் போய்ப் பிடிப்பவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருக்கிறார். 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் 5 நிமிடம்தான். பணமில்லை என்பது வழக்கமான பதில். புறநகர்த் தடங்களைப் பாருங்கள்: ஒவ்வொரு தெருவையும் தொட்டுவிட வேண்டும் என்று வளைந்து நெளிந்து, வணிக வளாகத்தின் பார்க்கிங்குக்குள் புகுந்து வெளிவருகின்றன. போய்வர ஒரு மணி நேரம் ஆகும் ஆறு தடங்கள், மணிக்கு ஒரு நடை என்றால் ஆறு பேருந்துகள் வேண்டும். அதே ஆறு பேருந்துகளை, அதே நேரத்தில் போய்வரும் ஒரே நேரான தடத்தில் விட்டால் 10 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பேருந்து வலைப்பின்னல் முழுவதையும் ஒரே இரவில் இந்த நோக்கில் மாற்றி அமைத்தது. கனடாவின் டொரன்டோ நகரின் புறநகர்கள் அடர்த்தி குறைந்தவைதான். நேரான பெருஞ்சாலைகளில் அடிக்கடி ஓடும் பேருந்துகளால் அங்கே கூட்டம் ஏறுகிறது.

இதில் இழப்பும் உண்டு, மறைக்க வேண்டாம். வீட்டு வாசலில் நின்ற பேருந்து சிலருக்கு 400 மீட்டர் தள்ளிப் போகும். நடக்க இயலாதவர்களுக்கு, முன்பதிவு செய்து அழைக்கும் சிறு வண்டிச் சேவையைத் தனி ஒதுக்கீட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவைப் பிரதான தடத்தின் கணக்கில் ஏற்றினால் இரண்டும் நலிந்துபோகும். நிறுத்தங்கள் 400 மீட்டருக்கு ஒன்று போதும். பேருந்து தன் தடத்திலேயே நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கும் குடாவைக் கட்டினால் அது நடைபாதையையும் விழுங்கும், மீண்டும் சாலையில் நுழைய இடைவெளி தேடிப் பேருந்தும் காத்துக் கிடக்கும். கடைசிப் பேருந்து இரவு 8 மணிக்கே போய்விட்டால், மாலை நேர வேலைக்குப் போகிறவர் காரை விற்க மாட்டார். பகலில் எத்தனை நடை ஓடினாலும் அவருக்கு அதனால் பயனில்லை.

மண்டல விதிகளில்தான் எங்கள் கோரிக்கை மிகவும் நுணுக்கமானது. பேருந்துத் தடத்தின் ஒரு கிலோமீட்டர் நீளத்தில், இருபுறமும் 400 மீட்டர் எடுத்தால் 80 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 10 வீடு என்றால் 800 குடும்பங்கள். 40 என்றால் 3,200. பேருந்துக்கு ஓட்டுநர் அவரேதான், எரிபொருளும் அதேதான். இந்தப் பட்டைக்குள் நான்கு மாடி வரை, தனி அனுமதிக் கூட்டம் ஏதுமின்றி, விதிப்படி இருந்தாலே ஒப்புதல் தர வேண்டும்.

ஆனால் ‘அனுமதி’ என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரம் 2018இல் ஏற்ற திட்டத்தின்படி தனிவீட்டு மனைகளில் மூன்று வீடுகள் வரை கட்ட அனுமதித்தது. தளப்பரப்பு வரம்பு (மனையளவுக்கு எவ்வளவு தளம் கட்டலாம் என்பது) மட்டும் பல இடங்களில் ஒரு வீட்டுக்கு இருந்த அளவிலேயே நின்றது. மூன்று வீட்டுக் கட்டிடங்கள் வெகு சிலவே எழுந்தன. வீடுகள் பெருகியது பெரும்பாலும் போக்குவரத்துத் தடங்களை ஒட்டிய பெரிய கட்டிடங்களில். ஹூஸ்டனில் மண்டல விதியே இல்லை என்பார்கள். ஆனால் குறைந்தபட்ச மனை அளவும் பார்க்கிங் விதியும் அங்கேயும் உண்டு. 1998இல் உள்வட்டச் சாலைக்குள் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க வழி செய்த பிறகே, ஒரு வீடு நின்ற மனையில் மூன்று வீடுகள் வரிசையாக எழத் தொடங்கின. ஆகவே வீட்டு எண்ணிக்கை, தளப்பரப்பு வரம்பு, பக்கத் திறந்தவெளி, குறைந்தபட்ச மனை அளவு, பார்க்கிங் ஆகிய ஐந்தையும் ஒரே திருத்தத்தில் மாற்ற வேண்டும். ஆணை வெளியாகும் முன், வழக்கமான ஒரு மனையில் ஒரு வரைவாளரை உட்கார வைத்து உண்மையில் கட்டிடம் வரைந்து பாருங்கள். எந்த விதி இடிக்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பார்க்கிங் விதிதான் பெரும்பாலும் இடிக்கும். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர் போதும் என்று தோன்றும். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர். 20 சதுர மீட்டர் கடைப்பரப்புக்கு ஒரு கார் என்பது விதியானால், 100 சதுர மீட்டர் கடைக்கு 150 சதுர மீட்டர் வரை வெறுந்தரை. சின்னக் கடை அந்த மனையில் அடங்காது. பெரிய வளாகம்தான் அடங்கும், அதுவும் ஊருக்கு வெளியே. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் குறைந்தபட்சப் பார்க்கிங் விதியை நகர் முழுவதும் நீக்கியது. நியூசிலாந்து 2020இல் தன் நகரங்கள் அதை நீக்க வேண்டும் என ஆணையிட்டது. நாங்களும் நீக்கவே கோருகிறோம். கூடவே தெருவோர நிறுத்தத்துக்கு நேர வரம்பும் கட்டணமும் அதே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் கடைக்கு வரும் கார்கள் வீட்டு வாசல்களை அடைக்கும், எதிர்ப்புக் கிளம்பும், பழைய விதியே திரும்பி வரும்.

கடைகளுக்கு ஜப்பானின் விதி நல்ல முன்மாதிரி. அங்கே மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடமுண்டு: கடைப்பகுதி 50 சதுர மீட்டருக்குள்ளும், மொத்தக் கட்டிடப் பரப்பில் பாதிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மளிகை, தையல், சிறு மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் என்று வகை பிரித்துத் தடுப்பதைவிட, ஒலி அளவு, சரக்கு இறக்கும் நேரம், கழிவு ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இனி ரயில் வருமானால், நிலையத்தை விரைவுச் சாலையின் நடுவே வைக்க வேண்டாம். நடந்து எட்டக்கூடிய பரப்பின் நல்ல பகுதியை அந்தச் சாலையே தின்றுவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஆர்லிங்டன் மாவட்டம், விரைவுச் சாலையின் நடுவே போகவிருந்த மெட்ரோ ரயிலைத் தன் பழைய கடைத்தெருவின் அடியில் போக வைத்தது. 1979இல் அந்த மாவட்டத்தின் பால்ஸ்டன் வரை ரயில் வந்தது. நிலையங்களை ஒட்டி உயர்ந்த கட்டிடங்களும், தள்ளிப் போகப்போகத் தாழ்ந்து தனிவீடுகளும் என்று நிலப் பயன்பாட்டை வகுத்தார்கள்.

வேலைகளின் வரிசை முக்கியம். முதல் ஆறு மாதங்களில் பேருந்து அட்டவணையும், பெயின்ட், ரப்பர் கம்பங்கள் கொண்டு தற்காலிகக் கடவைகளும் நடைத்திட்டுகளும் வர வேண்டும். அவை சரியான இடத்தில் இருப்பது தெரிந்த பின் கான்கிரீட் போடலாம். மண்டலத் திருத்தம் அதே ஆண்டுக்குள் வர வேண்டும். புதிய வீடுகளில் ஆட்கள் குடியேறிய பிறகு பேருந்து வந்தால், அதற்குள் அவர்கள் கார் வாங்கியிருப்பார்கள்.

தொடங்கும் முன்னும், 12 மாதங்கள் கழித்தும் இவற்றை அளந்து வெளியிடக் கோருகிறோம்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 400 மீட்டர் நடையில் உள்ள வீடுகள், சாலையைக் கடக்க ஆகும் சராசரிக் காத்திருப்பு, பேருந்துகளுக்கு இடைப்பட்ட உண்மையான நேரம், 85 விழுக்காடு வண்டிகள் மீறாத வேகம், ஒப்புதல் பெற்ற வீடுகளும் சிறு கடைகளும்.

மேற்கண்ட கோரிக்கைகளில் ஏற்க இயலாதவை இருந்தால், தடையாக உள்ள விதியின் எண்ணைக் குறிப்பிட்டு 60 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும், சாலை, போக்குவரத்துத் துறை அலுவலர்களோடு கூட்டுக் கள ஆய்வுக்கு நாள் குறித்துத் தருமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

நகல்:
தலைமைப் பொறியாளர், சாலைத் துறை
மேலாண்மை இயக்குநர், பேருந்துப் போக்குவரத்துக் கழகம்