துளியைப் பிடிக்க லட்சம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நீங்கள் போட்டிருந்த பால்துளிப் படத்தை வெட்டி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் கீழே இருந்த இரண்டு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கு லட்சக்கணக்கில் விலையுள்ள அதிவேகக் கேமரா வேண்டும், வீட்டில் முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அதை வாசித்துவிட்டு, "ஆச்சி, இதெல்லாம் நமக்கு ஆவாது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வார்டில் 31 வருடம் டியூட்டி பார்த்தவள். 500 மில்லி குளுக்கோஸ் பாட்டில் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 21 துளி. கைக்கடிகாரத்தில் ஒரு கண், துளியில் ஒரு கண் என்று எத்தனை ராத்திரி நின்றிருப்பேன்! ஓய்வுபெற்ற பிறகு துளியைப் படம் பிடிக்கிற கிறுக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கேமரா என் மகனுடையது. நிக்கான் டி3200, அதோடு வந்த 18-55 லென்ஸ். நல்ல போன் வாங்கியதும் அவன் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை, பீரோவில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, மேலே குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயான ட்ரிப் செட்டைத் தொங்கவிட்டு ஒரு மாதம் போராடினேன். ட்யூப் லைட் வெளிச்சம், ஆட்டோவில் கேமரா, ஃபிளாஷும் தானாகவே எழும்பும். வந்த படத்திலெல்லாம் துளிக்குப் பதில் ஒரு வெள்ளைக் கோடு, இல்லாவிட்டால் பேய் மாதிரி மங்கலாக ஒரு நிழல். உங்கள் கட்டுரை அப்போதே வந்திருந்தால் நானும் சரி, நம்மால் ஆகாது என்று விட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. துளி சொட்டிக்கொண்டே இருந்தது. சும்மா இருக்க மனமில்லாமல் அந்த இருட்டிலேயே பட்டனை நாலைந்து தடவை அமுக்கிவைத்தேன். அதில் ஒன்றில் துளி நடுவானில் முத்து மாதிரி நின்றது. ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிற துளி, தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. கேமராவுக்குள் வெளிச்சத்தை விடுகிற கதவான ஷட்டர் விநாடியில் 200-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்கூட, அதற்குள் துளி 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நாலரை மில்லிமீட்டர் அகலத் துளி தன் அகலத்தைப் போல மூன்று மடங்கு ஓடிவிட்டால் கோடு விழாமல் என்ன செய்யும்? ஃபிளாஷ் அப்படியில்லை. சக்தியைக் குறைக்கக் குறைக்க அது எரிகிற நேரமும் குறையும். விநாடியில் 5000-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலே துளி நகர்வது அரை மில்லிமீட்டர்தான். துளியை நிறுத்துவது வெளிச்சம், ஷட்டர் இல்லை. ட்யூப் லைட் எரிந்தபோது ஃபிளாஷ் ஒரு படமும் ட்யூப் லைட் ஒரு படமும் எடுத்து, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

அமெரிக்காவில் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜெர்டன், பால்துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கிற உலகப் புகழ்பெற்ற படத்தை எடுத்தது 1957-ல். அப்போது டிஜிட்டல் கேமரா ஏது? அவர் கைவசம் இருந்தது மிகக் குறுகிய நேரம் மின்னி அணைகிற விளக்கு. கட்டுரையில் அவர் பெயரைச் சொன்ன நீங்கள் அந்த விளக்கைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் எடுக்கிற முறையைச் சொல்கிறேன். முடிந்தால் இதை வெட்டாமல் போடுங்கள்.

மருந்துக் கடையில் ட்ரிப் செட் கிடைக்கும், நான் வாங்கியது நூறு ரூபாய்க்குள். கூட வருகிற ஊசியை மூடியோடு கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் செட்டின் கூர்முனையைக் குத்தி, அடியில் காற்றுக்கு ஒரு துளை போட்டு, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். துளியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருக்கிற ரோலரை நகர்த்தி நிமிடத்துக்கு 40 துளி வைத்தால் ஒன்றரை விநாடிக்கு ஒன்று விழும். பாட்டிலில் தண்ணீர் இறங்க இறங்க வேகம் குறையும், அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். எனக்கு இது கை வந்த வேலை. உங்களுக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

கேமராவில் எல்லாமே மேனுவல். ஃபிளாஷை மெனுவில் போய் 32-ல் ஒரு பங்கு சக்திக்கு இறக்கினேன். ஷட்டர் 200-ல் ஒன்று, லென்ஸ் திறப்பு எஃப் 11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400. இந்த அளவில் அறையின் மங்கல் விளக்கு படத்தில் பதியாது. ஆகவே கும்மிருட்டு தேவையில்லை, ஜீரோ வாட் பல்பு எரியலாம். ஃபோகஸ்தான் கழுத்தறுக்கும் வேலை. துளி விழுகிற இடத்தில் கிண்ணத்தின் குறுக்கே ஒரு ஈர்க்குச்சியை வைத்து, துளி அதன் மேலேயே விழும்வரை நகர்த்தி, குச்சிக்கு ஃபோகஸ் செய்துவிட்டு குச்சியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு லென்ஸைத் தொடக் கூடாது. கேமராவுக்கு முக்காலி வாங்கவில்லை. அஞ்சறைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லென்ஸில் தெறிக்காமல் இருக்க ஒரு பாலிதீன் உறை, துடைக்க காஸ் துணி. இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிழல் படத்தின் அடியில் விழும். அதை வெட்டிவிட்டால் போகிறது.

எப்போது அமுக்குவது? துளி குழாயை விட்டுப் பிரிவதைக் கண்டதும் அமுக்குங்கள். 40 சென்டிமீட்டர் விழ 0.29 விநாடி ஆகும். கண் பார்த்து, விரல் அசைந்து, கேமரா விழித்துக்கொள்ளவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. நம்முடைய மந்தமே இங்கே உதவிக்கு வருகிறது. துளியைக் கண்டு தானே அமுக்குகிற சென்சார் ஒன்றும் வேண்டாம்.

கிரீடம் வேண்டுமென்றால் தட்டில் மெல்லிசாகப் பால் ஊற்றி அதன் மேல் துளி விழ வேண்டும். கிண்ணத்தில் இரண்டு மூன்று விரற்கடை ஆழம் தண்ணீர் இருந்தால் கதை வேறு. பள்ளம் விழுந்து, அது மூடிக்கொள்ளும்போது நடுவில் ஒரு தூண் எழும்பும். முதலில் இந்தத் தூணையே முயலுங்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் தயங்குகிற மாதிரி அதுவும் தயங்கும், பிடிப்பது சுலபம். தண்ணீருக்கு நிறம் கலக்க வேண்டியதில்லை, பின்னால் நீல சார்ட் பேப்பர் வைத்தால் தண்ணீர் நீலம். நான் ஒரு தடவை மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை மடித்து வைத்தேன். படம் என்னவோ அருமை, புடவையில்தான் பால் தெறித்துவிட்டது. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும், காற்றில் துளி தள்ளாடும். பாளையங்கோட்டை மே மாதத்தில் ஃபேன் இல்லாத அடுக்களை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நேற்றைய பாலைத் துடைக்காமல் படுத்துவிட்டால் காலையில் எறும்பு ஊர்வலம்.

இன்னொன்று. கட்டுரைக்கு நடுவே போட்டிருந்த கோட்டுச் சித்திரத்தில் துளி மேலே கூராகவும் கீழே உருண்டையாகவும் இருந்தது. கண்ணீர்த் துளி என்றால் எல்லோரும் அப்படித்தான் வரைகிறோம். அந்தரத்தில் வருகிற துளி உண்மையில் உருண்டை, சில சமயம் ஆடி அசைந்து கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும். கூர் இருப்பது குழாயை விட்டுப் பிரிகிற அந்தக் கணத்தில் மட்டும்தான். அப்போது கழுத்து நூலாக நீண்டு அறும். அறுந்த நூல் சுருண்டு தனியே ஒரு குட்டித் துளியாகிப் பெரியதன் பின்னாலேயே வரும். இதை முதலில் கேமராத் திரையில் பார்த்தபோது லென்ஸில் தூசி என்றுதான் நினைத்தேன். அடுத்த படத்திலும் இருந்தது, அதற்கு அடுத்ததிலும் இருந்தது. 31 வருடம் துளி எண்ணியிருக்கிறேன், இந்தக் குட்டியை ஒரு நாளும் கண்டதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. (பயப்பட வேண்டாம், ட்ரிப் செட் உறையில் 20 துளி ஒரு மில்லி என்று அச்சிட்டிருக்கும் கணக்கில் அதுவும் அடக்கம்.)

கடைசியாக, உங்களிடம் என் உண்மையான புகார். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆர்தர் வொர்த்திங்டன் என்று ஒரு இயற்பியலாளர். மின்பொறி வெளிச்சத்தில் துளி தெறிப்பதைக் கண்ணால் பார்த்து, கையால் வரைந்து வைத்தவர். வரைந்ததெல்லாம் அச்சு மாதிரி, நாலு பக்கமும் ஒரே சீர். 1890-களில் அதையே புகைப்படமாக எடுத்தபோதுதான் தெறிப்பு ஒவ்வொன்றும் கோணல்மாணலாக இருப்பது தெரிந்தது. கோணலானவற்றை ஏதோ தற்செயல் என்று தானே இத்தனை காலமும் ஒதுக்கி வந்ததை அவரே ஒப்புக்கொண்டார். நீங்களும் ஒரே ஒரு சீரான படத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கேமராவின் விலையை எழுதுகிறீர்கள். அதற்கு முன்னால் அந்தக் கலைஞர் எத்தனை படத்தை அழித்திருப்பார்? அதையல்லவா கேட்டு எழுத வேண்டும்! என் கணக்கு, ஒரு ராத்திரிக்கு 300 படம், வைத்துக்கொள்வது இரண்டு. அந்தப் பிள்ளையிடம் நான் இதைச் சொல்லவில்லை. "ஏட்டி, இங்க வா" என்று அடுக்களைக்குக் கூப்பிட்டு, இன்னும் அழிக்காமல் இருந்த 286 படத்தையும் காட்டினேன். பாதி பார்ப்பதற்குள் சிரித்துவிட்டாள். அப்புறம், "நான் ஒண்ணு அமுக்கட்டா ஆச்சி?" என்றாள்.

இந்தக் கடிதத்தோடு 3 படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நன்றாக வந்தது, மற்ற இரண்டும் குப்பை. போடுவதானால் மூன்றையும் போடுங்கள். இடம் போதாது என்றால் நல்லதோடு குப்பை ஒன்றையாவது சேர்த்துப் போடுங்கள். குப்பை இரண்டும் நான் எடுத்தவை. நல்லது அவள் எடுத்தது. பெயர் போடலாமா என்று அவள் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அதுவரை ஒன்பதாம் வகுப்பு மாணவி என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.