கோரைத் தண்டின் உள்ளே பார்க்க விரும்பிய பிள்ளைக்காக

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முக்கூடல் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தும் ஆசிரியை நான். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்கள், பக்கத்தில் உள்ள உங்கள் இணைவுக் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்றைச் சனிக்கிழமைகளில் படிக்க வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். தேறினால், பின்னால் பட்டப்படிப்பில் சேரும்போது அந்தப் பாடத்தைத் தேறியதற்கான கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் மதிப்பலகு) அவர்கள் கணக்கில் ஏற வேண்டும். இதற்கு ஒரு விதி செய்யுங்கள்.

என் மாணவி ஒருத்தியால்தான் இதை எழுதுகிறேன். அவள் அம்மா பீடி சுற்றுகிறார். சுளகை மடியில் வைத்து, நனைத்த இலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டினால் ஓர் இலைகூடக் கிழியாது. அந்தக் கை மகளுக்கும் வந்திருக்கிறது. செய்முறை வகுப்பில் மற்ற பிள்ளைகள் பிளேடால் தண்டைக் கூழாக்கிக்கொண்டிருக்க, இவள் வெட்டிய சீவல் வாட்ச் கண்ணாடித் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாமல் மிதந்தது. அன்று அவள் ஒரு கேள்வி கேட்டாள்: “பத்தமடையில் பாய்க்குக் கோரையை நூல் மாதிரிக் கிழிக்கிறார்களே டீச்சர், அது ஏன் ஒடிவதில்லை?”

பாடப்புத்தகத்தில் ஒருவிதையிலைத் தண்டு என்று பொதுவாக ஒரு படம் இருக்கிறது. கோரை அதில் இல்லை. எங்களிடம் இருக்கும் இரண்டு நுண்ணோக்கிகளில் ஒன்றின் லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. எனவே ஒரு சனிக்கிழமை, ஆற்றங்கரையில் பறித்த கோரையோடு அவளை அழைத்துக்கொண்டு, பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த பேராசிரியை முகம் சுளிக்கவில்லை. அவளையே வெட்டச் சொல்லி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். புறத்தோலுக்கு அடியில் நார்க்கற்றைகள் சிவப்புச் சிவப்பாக வரிசை கட்டி நின்றன. உள்ளே காற்றறைகள். தன் கேள்விக்கான பதிலை அந்தப் பிள்ளை தானே கண்டுகொண்டாள். கண்ணை எடுக்காமல் எத்தனை நேரம் நின்றாள் தெரியுமா? வெளியே பஸ் போய்விட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரமும் வரட்டுமா என்று கேட்டபோது பேராசிரியை சரி என்றார். அலுவலகத்தில்தான் மறுத்தார்கள். பள்ளிப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க விதி இல்லை, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி இல்லாததைக் கல்லூரி தானாகச் செய்ய முடியாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பாடம் தாங்குமா என்று நீங்கள் கேட்கலாம். நம் சீமையில் அப்படிக் கேட்க வேண்டியதே இல்லை. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வரும் வரை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புப் படிக்க நேரே கல்லூரிக்குத்தான் போனார்கள். என் பெரியப்பாவும் அப்படிப் பாளையங்கோட்டைக்குப் போனவர்தான். 1878-இல் தொடங்கிய தூய யோவான், 1895-இல் தொடங்கிய சாராள் தக்கர், 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் என்று பேர்பெற்ற கல்லூரிகள் உள்ள ஊர் அது. பட்டம் படிக்கிறவர்கள் நடமாடிய அதே வராந்தாவில் அரும்பு மீசையோடு நடந்ததை இன்றும் சொல்வார். அந்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, அவர்களுக்கும் கல்லூரி ஆய்வகத்துக்கும் இடையில் இருந்த வழி அடைபட்டுப் போயிற்று.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1985-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. அங்கே மேல்நிலை மாணவர்கள் கல்லூரி வகுப்புக்குப் போகலாம். கட்டணமும் புத்தகமும் அரசின் பொறுப்பு. படித்த பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும். மற்ற மாநிலங்களிலும் பிறகு இது பரவியது. ஏழைப் பிள்ளைகள் போதுமான அளவு சேரவில்லை, ஒரு கல்லூரியில் பெற்ற கிரெடிட்டை மற்றொரு கல்லூரி சில நேரம் ஏற்பதில்லை என்ற குறைகளும் அங்கே உண்டு. அவற்றை நாம் முன்கூட்டியே தவிர்க்கலாம். இணைவுக் கல்லூரிகள் அத்தனையும் ஏற்றுக்கொள்ளும்படி விதி எழுதுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். கட்டணம் வைத்தால் பீடிக்கடைக் கூலியில் படிக்கும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவாள்.

நேரம் எங்கே என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். 2017-18 கல்வியாண்டில் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்ததால்தான். இப்போது கிடைத்திருக்கும் மூச்சுவிடும் ஆண்டு மறுபடியும் அப்படிக் கரைந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வாரம் மூன்று மணி நேரம் ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை ஆழமாகப் படிக்கட்டுமே. எல்லாரும் போக வேண்டாம். வகுப்புக்கு இரண்டு பேர் போனாலும் போதும்.

மத்திய அரசின் இணையவழிப் பாடத்தளமான ஸ்வயத்தில் இலவசமாகப் படிக்கலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நல்ல வசதிதான், நானே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் தமிழ்வழியில் படித்த பிள்ளை, வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் போனில், அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு ஆங்கிலத்தில் கேட்டு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? சீவலைக் கையால் வெட்டி நிறமேற்றும் பழக்கம் திரையைப் பார்த்து வருவதில்லை.

பெண்பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்புவதில் பெற்றோருக்கு இருக்கும் தயக்கமும் எனக்குத் தெரியும். அவள் அம்மாவிடம் பேசினேன். சுளகிலிருந்து கையை எடுக்காமலே, “நீங்கள் கூடப் போவதாக இருந்தால் அனுப்புகிறேன் டீச்சர்” என்றார். போவேன். சனிக்கிழமைதோறும் என் பொறுப்பில் அழைத்துப்போய்ப் பொழுது சாயும் முன் வீட்டில் கொண்டுவந்து விடுவதாக எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். இப்படி முன்வரும் ஆசிரியர்கள் மற்ற பள்ளிகளிலும் இருக்கிறார்கள்.

நான்கைந்து கல்லூரிகளில் மட்டும், ஒரு செமஸ்டருக்கு, ஒரே ஒரு துணைப்பாடத்தில் சோதித்துப் பாருங்கள். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அழைத்தால் நேரில் வந்து விளக்குகிறேன். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இந்த விதி அவளுக்கு உதவாமல் போகலாம். பதினொன்றாம் வகுப்பில் இன்னொருத்தி, ஆற்றில் மிதந்த பாசியைப் பாட்டிலில் எடுத்துவந்து என் மேசையில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
முக்கூடல் வட்டாரம்