எந்தப் படியால் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். ஆண்கள் மூவர், பெண்கள் மூவர், தலா 1 லட்சம் ரூபாய், பதக்கம், சுதந்திர தினத்தில் பாராட்டு. எல்லாம் சரி. ஆனால் செய்த தொண்டு ‘கண்டறியப்படக் கூடியதாகவும், அளவிடக் கூடியதாகவும்’ இருக்க வேண்டுமாம். அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தருகே காலையில் ஓர் அம்மாள் நிற்பார். கிராமத்து ஜனங்களுக்குக் காப்பீட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார், ஸ்கேன் எடுக்கும் அறை வரை கூடவே நடப்பார். எழுத்துத் தெரியாமல் தடுமாறும் பெரியவர்களுக்கு மாட்டிவிடவென்றே பையில் பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் இரண்டு மூன்று வைத்திருப்பார். என் மனைவிக்குச் சிறுநீரகக் கல் என்று நாங்கள் திக்குத் தெரியாமல் நின்றபோது வழி காட்டியதும் அவர்தான். இதை எந்தப் படியால் அளப்பது ஐயா? அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. விருதுக்கோ வயது 15 முதல் 35 வரை. பெண்களுக்கு ஔவையார் விருது இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் சான்றுகளை இணைத்து விண்ணப்பிக்கத்தான் வேண்டும். போட்டோ பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு சேவை செய்பவரின் கோப்புதானே தடிமனாக இருக்கும்!

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. ரோட்டில் விழுந்த மரங்களை, சொந்த ரம்பத்தோடு வந்து அறுத்துத் தள்ளிய பிள்ளைகள் சான்றிதழ் கேட்டுக்கொண்டா வந்தார்கள்?

உள்ளூர்க் கதை இன்னும் விசேஷம். இங்கே ஒரு சங்கம் ஆண்டுதோறும் ‘சேவைச் செம்மல்’ பட்டம் கொடுக்கிறது. சென்ற முறை வாங்கியவர், விழா மண்டபத்துக்கு வாடகை கட்டியவர். யாருமற்ற பிணங்களைத் தன் செலவில் அடக்கம் செய்துவரும் ஆட்டோக்காரரையும் மேடைக்கு அழைத்தார்கள், நாற்காலி தூக்கிப் போட.

அந்த விழாச் செய்தி தங்கள் நாளிதழிலும் வந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என எல்லோரும் பதவியோடு அச்சாகியிருந்தார்கள். மற்ற தன்னார்வலர்களோ, ‘பலர் கௌரவிக்கப்பட்டனர்’.

பத்ம விருதுக்கே யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். எங்கோ இருக்கும் டெல்லிக்கு உள்ள தாராளம், பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு வரவில்லை. இதைத் தாங்கள் தலையங்கமாக எழுதுவீர்கள் என்ற பேராசையெல்லாம் எனக்கில்லை. அடுத்த விழாச் செய்தியில், பாராட்டுப் பெற்றவர்களின் பெயரையும் ஊரையும் முதல் பத்தியிலேயே போடுங்கள், போதும். இடம் பற்றாவிட்டால் நன்றி கூறியவரை எடுத்துவிடலாம். அவர் கோபித்துக்கொண்டு வந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கடலூர் முதுநகர்.