வல்கனிலிருந்து சிவாவுக்கு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மனுசிக்கு இப்போது சுகம் என்று அறிந்து நிம்மதி. உன் மூத்தவன் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டானா! இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டதும் காற்றுப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு இந்த அல்பேர்ட்டா பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனோ மோட்டலோ வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஊரைச் சொல்கிறேன், பிறகு நீயே யோசி.

கல்கரியிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான ஓட்டம். வல்கன் கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி, ஏறத்தாழ 5,400 சதுர கிலோமீட்டர். யாழ்ப்பாண மாவட்டத்தை ஐந்து தடவை உள்ளே வைக்கலாம். சனமோ நாலாயிரத்துச் சொச்சம். தனி நகரசபையாக இருக்கும் வல்கன் ரவுணில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை.

விலாசம் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். ரவுணுக்கு வெளியே தெருப்பெயர் பார்க்காதே. ரேஞ்ச் ரோட், டவுன்ஷிப் ரோட் என்று இலக்கம்தான். வடக்குத் தெற்காக மைலுக்கு ஒரு ரோட்டு, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு செக்ஷன். அதில் கால்வாசியை, அதாவது ஒரு குவார்ட்டரைத்தான் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டொலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். கமக்காரர் இன்றைக்கும் "எத்தனை குவார்ட்டர்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கெல்லாம் முன்பு இது பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களின் மண். மேஜர்வில் பக்கம் ஒரு மேட்டில் அவர்களின் கல்வட்டம் இருக்கிறது, வயது ஏறத்தாழ ஐயாயிரம் வருடம். இந்தக் கவுண்டியில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் போவது விண்கலத்துக்கு. ரயில்வேக்காரர் ரோமானிய நெருப்புக் கடவுளின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஸ்பொக் என்ற பாத்திரத்தின் கிரகத்துக்கும் அதே பெயர். ஊர் விடுமா? 1995இல் ஒரு விண்கலத்தைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். 2010இல் ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோயே வந்து போனார். ஒரு காலத்தில் இங்கே வரிசையாக நின்ற ஒன்பது தானியக் களஞ்சியங்களும் போய்விட்டன. பழைய மரக் களஞ்சியம் பார்க்க மொஸ்லி வரை போகவேண்டும், அங்கே மூன்று நிற்கின்றன.

இப்போது வியாபாரம். மச்சான், இந்த மண் ஆளில்லாமலே காசு பண்ணும். லோமண்ட் அருகே இருக்கும் டிராவர்ஸ் சோலர் நிலையம் 465 மெகாவாட், 13 லட்சம் பலகைகள். கார்மங்கே பக்கம் 2014இலிருந்து 166 காற்றாலைகள் சுற்றுகின்றன. வரி கவுண்டிக்குப் போகும், குத்தகை காணிக்காரருக்குப் போகும். பலகையோ காற்றாலையோ உன் கடைக்குக் கோப்பி குடிக்க வராது. கட்டும் காலத்தில் மட்டும்தான் வேலையாட்கள் குவிவார்கள், மோட்டல் நிரம்பும். ஆகவே விற்கிறவர் டிராவர்ஸ் கட்டிய 2021, 2022 கணக்கை மட்டும் நீட்டினால் அந்தக் கணக்கை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு முந்திய நாலு வருடத்தையும் பிந்தியதையும் கேள். அடுத்த திட்டம் வரும் என்று சொல்வார்கள். 2023இல் மாகாண அரசு புதிய சோலர், காற்றாலை அனுமதிகளை ஏழு மாதம் நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கட்டும்.

பெற்றோல் ஸ்டேஷனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கமக்காரர் டிராக்டருக்கு உன்னிடம் அடிக்கமாட்டார். வளவுக்குள்ளேயே தாங்கி வைத்து, சாயம் கலந்த வரிச்சலுகை டீசலை மொத்தமாக இறக்குவார். உனக்கு மிஞ்சுவது அவருடைய பிக்கப்பும், மனுசியின் காரும், விண்கலம் பார்க்க வந்தவர்களும். பொருளுக்கு இங்கே 5 வீத ஜிஎஸ்டி விற்பனை வரி மட்டும்தான், உங்கள் ஒன்ராறியோவின் 13 வீதம் இல்லை. உண்மைதான், அது சாமான் வாங்குகிறவனுக்கு லாபம்.

அதற்காக வராதே என்று சொல்லவில்லை. சனம் நல்ல சனம். ஆலங்கட்டி மழையில் பயிர் போன வருடம் கடனுக்கு எழுதச் சொல்வார்கள், அடுத்த அறுவடைக்குத் தவறாமல் கட்டுவார்கள். அதைத் தாங்க உன்னிடம் கையிருப்பு வேண்டும்.

ஜூலையில் வந்தால் கனோலா என்ற எண்ணெய்ப் பயிர் மஞ்சளாகப் பூத்திருக்கும், பார்த்த கையோடு வாங்கிவிடுவாய். அதனால் பெப்ரவரியில் வா, குளிரைக் குறைக்கும் சினூக் என்ற வெப்பக் காற்று அடிக்காத கிழமையாகப் பார்த்து. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். வரும்போது நல்ல கருவாடு கொஞ்சம் கொண்டு வா.

அன்புடன்,
குமார்