கோத்தகிரி வட்டாரக் கால்பந்து நடுவர்கள்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மூத்த நடுவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழையில் சில ஆட்டங்கள் தள்ளிப்போயின. காந்தி மைதானத்தில் மூடுபனி இறங்கி, எதிர்ப்பக்கத்துக் கோல்கம்பம் தெரியாமல் நிறுத்திய ஆட்டமும் உண்டு. புதிய கொடிகள் வாங்கினோம். லைன்ஸ்மேன்களுக்கு மழைக்கோட்டு என்ற கோரிக்கை இந்த ஆண்டும் கோரிக்கையாகவே இருக்கிறது.

இனி, நடுவர்களின் பதற்றத்துக்கு நாம் தொடங்கிய உளவியல் பயிற்சி பற்றி. "நமக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஆனால் விசிலை வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் இளைஞர்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? பெரிய நகரத்து நடுவர் ஆட்டம் முடிந்ததும் வண்டியேறிவிடலாம். இங்கே எந்த ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) எதிராகப் பெனால்டி கொடுத்தாரோ, அங்கேதான் அவருடைய மாமனார் வீடு இருக்கும். திங்கட்கிழமை காலை தேயிலை எடை போடும் இடத்தில் அதே முகங்கள்.

கோவையிலிருந்து வந்த ஆலோசகர் முதல் வகுப்பில் 2002-ல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வைச் சொன்னார். தகுதி பெற்ற 40 நடுவர்களிடம் ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்களாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த மூத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அப்புறம் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களில் வகுத்த சிகிச்சை முறை. நிகழ்வு, அதைப் பற்றிய நம் நினைப்பு, அதன் விளைவு என்று மூன்று கட்டம் போட்டு ஆலோசகர் எழுதச் சொன்னார். நம் இளம் உறுப்பினர் ஒருவர் நடுக்கட்டத்தில், "நான் தப்பே செய்யக்கூடாது, செய்தால் ஊரில் தலைகாட்ட முடியாது" என்று எழுதினார். "இது விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று ஆலோசகர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். பையனும்தான். கடைசியில் அவரே அடித்துத் திருத்தினார்: "சரியாகக் கொடுக்கத்தான் ஆசை. தவறினால் சங்கடம்தான், ஆனாலும் தாங்கிக்கொள்வேன்." வெறுமனே 'பயப்படாதே' என்று முதுகில் தட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

செல்போனில் கூச்சல் ஒலிக்கவிட்டுத் தீர்ப்புச் சொல்லிப் பழகினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியபின் கொடுத்த முடிவைப் பொதுவாக மாற்ற முடியாது என்பது கால்பந்தின் ஐந்தாம் விதி. பந்து உருண்டதும் மனதிலும் அந்த வழக்கை முடித்துவிட வேண்டும் என்று அதையே பயிற்சியாக்கினார் ஆலோசகர்.

இதனால் நம் தீர்ப்புகள் இவ்வளவு மேம்பட்டன என்று கணக்குச் சொல்ல நான் தயாரில்லை. ஒன்றைப் பார்த்தேன்: முன்பெல்லாம் ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அதே பையன், அரையிறுதியில் கோட்டோரம் ஒருவர் "கண்ணு தெரியலையா?" என்று கத்தியபோது கார்னரைக் காட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார்.

தூக்கம் கெடும் அளவுக்குப் பதற்றம் இருப்பவர்களுக்கு வகுப்பு மட்டும் போதாது. டெலி மானஸ் 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஆட்டம் முடிந்து நடுவரை வண்டிவரை விரட்டிய அணி பற்றி நாம் கொடுத்த புகாருக்கு இன்னும் பதில் இல்லை. நடுவரின் மனதைத் திடப்படுத்தச் சொல்லிவிட்டு, அடிக்க வருபவரைச் சும்மா விடுவது நியாயமில்லை. எனவே பாதுகாப்பு தராத மைதானத்துக்கு நடுவர் அனுப்புவதில்லை என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். ஆலோசகரின் பயணச் செலவை அடுத்த ஆண்டும் சங்க நிதியிலிருந்து கொடுக்கவும் ஒப்புதல் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்