44 புள்ளி வந்தது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் வரப்போவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்ததிலிருந்து எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. நம் மாநிலப் பாடத்திட்டத்துக்கு அது அப்படியே வருமோ வராதோ, சண்டை மட்டும் வந்துவிட்டது. பாதிப் பேர் "ர, ற வித்தியாசமே தெரியாத பிள்ளைக்கு ஏஐயா?" என்கிறார்கள், மீதிப் பேர் "காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் கத்துக்கணுமா?" என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் கண் முழுக்கக் கணினி மேலேயே இருக்கிறது. நான் ஈராசிரியர் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறவள். பிள்ளைகள் கை வைக்கிற மாதிரி ஒரு கணினிகூட எங்களிடம் இல்லை. இருந்தும் இரண்டு வருடமாகக் கோடிங் (கணினிக்குப் புரிகிற மாதிரி வரிசையாகக் கட்டளை சொல்வது) நடத்துகிறேன், சாக்பீஸை வைத்து.

முதலில் வராண்டாவில் பாண்டிக் கட்டம் மாதிரி கட்டம் போட்டு ஒருவனை ரோபோ ஆக்குவேன். எதிரே நிற்பவள் "முன்னால ரெண்டு கட்டம், இடது பக்கம் திரும்பு" என்று சொல்லிச் சொல்லி அவனைத் தண்ணீர்ப் பானைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாளே குழப்பம், அவள் சொன்னது அவளுடைய இடது, அவன் திரும்பியது அவனுடைய இடது. யாருடைய இடது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் கோலம். ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வாள், இன்னொருத்தி இந்தப் பக்கம் தரையில் புள்ளி வைப்பாள், எட்டிப் பார்க்கக் கூடாது. (பையன்களும் வைப்பார்கள், முதல் நாள் மட்டும்தான் சிரிப்பு.) 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4-இல் நிறுத்த வேண்டும். நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் 6, 5, 4, ஆக மொத்தம் 37. எண்ணிப் பார்த்தால் 44 இருக்கிறது! சொன்னவள் "நான் சரியாத்தான் சொன்னேன்" என்கிறாள், வைத்தவள் "நீ சொன்னதைத்தான் வச்சேன்" என்கிறாள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், ஆசிரியருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. கால் மணி நேரம் கழித்து வைத்தவளே வந்தாள்: "டீச்சர், 44-ல 37 போனா 7. நடு வரிசையை ரெண்டு தடவை வச்சிருக்கேன்." 'கீழேயும் அதே மாதிரி' என்று கேட்டதும் கீழ்ப்பக்கத்தையும் 7-இலிருந்தே ஆரம்பித்துவிட்டாளாம். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னேன், "அக்கா, நாங்க நாள் பூரா செய்றது இதுதான்" என்றான்.

கோலத்தை நான் புதிதாக இழுத்துவரவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே நம் வாசல் கோலத்தைக் கணினி இலக்கண ஆராய்ச்சிக்குள், அதாவது ஒரு படத்தை விதிகளாக எழுதிக்காட்டும் ஆராய்ச்சிக்குள், கொண்டுபோனவர்கள். இங்கிலாந்தில் 2014-இலிருந்து 5 வயதுப் பிள்ளைக்கே கம்ப்யூட்டிங் பாடம் உண்டு, அங்கேயும் ஒரு வேலையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வரிசையாகச் சொல்லப் பழக்குவதில்தான் தொடங்குகிறார்கள்.

கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 20,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறை என்றார்கள், நல்ல விஷயம். ஆனால் சுவரில் ஓடும் வீடியோவைப் பிள்ளை பார்க்கத்தான் முடியும், அதில் தப்பு செய்து பார்க்க முடியாது. ஆசிரியருக்குக் கொடுத்த டேப்லெட்டோ வருகைப்பதிவு, அந்தப் பட்டியல், இந்தப் படிவம் என்று என் கையிலேயே கிடக்கிறது. அறைக்கு நாலு பழைய கணினி போதும், நாலு பேருக்கு ஒன்று என்று சுற்றில் விடலாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குத் தமிழ்99 விசைப்பலகையில் தன் பெயரையும் ஊரையும் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது எல்லாம் குரலில் கேட்டே தேடுகிறார்கள், எழுத்துக் கூட்டுவது அந்தப் பக்கமும் போச்சு.

இன்னொன்று, இதுதான் அவசரம். எங்கள் ஊரில் பாட்டிக்கு வரும் ஓடிபியை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் நான்காம் வகுப்புப் பேரன்தான். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அவனுக்கு எந்தப் பாடத்தில் சொல்லித்தருகிறோம்? ஏஐ வருவதற்கு முன்னால் இது வரட்டும்.

பாடநூல் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இதற்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த வருடமே '7 புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளிகள்? விடை: 37' என்று நோட்ஸில் வந்துவிடும், பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், 44 வைக்க ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.