முந்தானை முடிச்சுக்கும் சூரரைப் போற்றுக்கும் நடுவுல முப்பத்தேழு வருஷம் இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடிகை ஊர்வசி பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. காலைல டீ ஆறிப்போறது தெரியாம படிச்சேன், படிச்சு முடிச்சதும் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு, அதான் இந்த லெட்டர். முதல்ல ஒரு திருத்தம் சொல்லிடுறேன். கட்டுரை நடுவுல போட்டிருந்த ரெண்டாவது போட்டோ ஊர்வசி இல்ல, அவங்க அக்கா கல்பனா. 'சதி லீலாவதி'ல ரமேஷ் அரவிந்துக்கு பொண்டாட்டியா வருவாங்களே, அவங்க. கீழ "ஊர்வசி, அன்றும் இன்றும்"னு வேற எழுதியிருக்கீங்க. அக்கா தங்கச்சிக்கு முகஜாடை இருக்கும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா கல்பனா 2016-ல இறந்துட்டாங்க சார், தேசிய விருது வாங்கின நடிகை அவங்களும், போட்டோ போடுறதுக்கு முன்னாடி ஒருத்தராச்சும் பார்த்திருக்கலாம்.

சரி, போட்டோவ விடுங்க. என் வருத்தம் வேற. கட்டுரை 1983-ல 'முந்தானை முடிச்சு'ல ஆரம்பிக்குது, பாக்யராஜ் அறிமுகம் பண்ணாருன்னு சொல்லுது, அடுத்த பாரால கமல் கூட ரெண்டு காமெடி படம்னு ஒரே வரி, அதுக்கடுத்த பாரால 2020 வந்துடுது, சூர்யாவுக்கு அம்மா, நயன்தாரா படத்துல அம்மா, "குணச்சித்திர வேடங்களில் கலக்கி வருகிறார்"னு முடிஞ்சிடுது. நடுவுல அந்தம்மா வீட்ல சும்மா உக்காந்திருந்தாங்களா? உங்க பேப்பர் மட்டும் இல்ல, தமிழ்ல யாரு எழுதினாலும் இதே கதைதான், முந்தானை முடிச்சுல ஏறி சூரரைப் போற்றுல இறங்கிடுறாங்க.

நான் மார்த்தாண்டத்துக்காரி. எங்க பக்கத்துல ஒரு வசதி என்னன்னா வீட்டு மாடில ஆண்டெனாவ கொஞ்சம் திருப்பி வச்சா திருவனந்தபுரம் தூர்தர்ஷன் கிடைக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மலையாளப் படம் போடுவான், எங்க தெருவே ஒரு வீட்ல உக்காந்து பார்க்கும், புள்ளி புள்ளியா தெரிஞ்சா ஒருத்தன் மாடில ஏறி கம்பிய திருப்பணும், கீழ இருந்து "ஆங் இப்ப சரி, இப்ப சரி"ன்னு கத்தணும். அப்படித்தான் எங்களுக்கு ரெண்டு ஊர்வசி கிடைச்சாங்க. தியேட்டர்ல பார்த்த தமிழ் ஊர்வசி ஒண்ணு, டிவில பார்த்த மலையாள ஊர்வசி ஒண்ணு. எங்கம்மை ரொம்ப நாள் ரெண்டும் வேற வேற ஆளுன்னே நினைச்சிட்டு இருந்தா.

அப்படி நினைச்சதுல தப்பும் இல்ல. 'முந்தானை முடிச்சு' பரிமளத்த எடுத்துக்கோங்க. வாண்டுப் பயலுகள சேத்துக்கிட்டு ஊரையே ரெண்டாக்குற பொண்ணு, கைக்குழந்தையோட வந்த வாத்தியார கட்டிக்கணும்னு பொய் சொல்லி, ஊர் முன்னாடி அந்தக் குழந்தைய தரையில போட்டு தாண்டி சத்தியம் பண்ணுவா பாருங்க, அந்த ஒரு நிமிஷம். பண்றது மகா தப்பு, பார்க்குற நமக்கு அவ மேல கோபம் வரணும், ஆனா வராது. அந்த முகத்துல பயமும் பிடிவாதமும் ஒண்ணா நிக்கும். அத நடிக்கும்போது அந்தப் பொண்ணுக்கு ஸ்கூல் போற வயசுங்க. அந்தப் படம் எப்படி ஓடுச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஒரு சின்னத் தகவல், அக்கா கல்பனாவையும் தமிழ்ல 'சின்ன வீடு'ல கதாநாயகியா போட்டது அதே பாக்யராஜ்தான்.

இனி உங்க கட்டுரைல காணாமப் போன பாகத்துக்கு வர்றேன். 1989, 1990, 1991. மூணு வருஷமும் வரிசையா கேரள அரசோட சிறந்த நடிகை விருது ஊர்வசிக்கு. மூணு வருஷம் வரிசையான்னு திரும்ப சொல்றேன் சார், ஏன்னா இத தமிழ்ல ஒரு பத்திரிகையும் முழுசா எழுதி நான் பார்த்ததில்ல. அதுல முதல் வருஷத்து விருதுக்கான படங்கள்ல ஒண்ணு 'மழவில்காவடி', சத்யன் அந்திக்காடு எடுத்தது. அது கேரளாவுல மட்டும் நடக்குற கதைன்னு நினைச்சுடாதீங்க, ஜெயராம் ஊர விட்டு நம்ம பழனிக்கு வந்துடுவாரு, அங்கதான் ஆனந்தவல்லின்னு ஊர்வசிய பார்ப்பாரு. அவங்களுக்கு முதல் மாநில விருது வாங்கிக் குடுத்த கேரக்டர் பழனில இருக்குற பொண்ணு, அதுகூட நமக்குத் தெரியல.

ரெண்டாவது வருஷம் 'தலையணமந்த்ரம்'. இத மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன். காஞ்சனான்னு ஒரு மருமக, கூட்டுக்குடும்பத்துல இருக்கா, கொழுந்தன் பொண்டாட்டி கொஞ்சம் வசதியான வீட்டுப்பொண்ணு, அந்தப் பொறாமை. புருஷன் ஸ்ரீனிவாசன். ராத்திரி தலகாணி பக்கத்துல ஓதி ஓதி தனிக்குடித்தனம் கூட்டிட்டுப் போயி, காலனில பெரிய மனுஷி மாதிரி காட்டிக்க கடன் மேல கடன் வாங்க வச்சு, கடைசில குடும்பமே சந்தி சிரிக்கும். இந்த மாதிரி ஒரு கேரக்டர தமிழ்ல எழுதியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? புருவத்த தூக்கிக்கிட்டு வர்ற ஒரு வில்லி ஆக்கியிருப்பாங்க, இல்ல கடைசில ஒரு அறை குடுத்து திருத்தியிருப்பாங்க. ஊர்வசி காஞ்சனாவ நம்ம பக்கத்து வீட்டுக்காரியா நடிச்சாங்க. பக்கத்து வீட்ல புதுசா ஏதாச்சும் வாங்குனா ஜன்னல் வழியா நாம பார்ப்போம்ல, அந்தப் பார்வை. எங்க தெருவுல அன்னைக்கு படம் முடிஞ்சதும் ஒரு பொம்பளையும் வாய் திறக்கல, அவங்கவங்க பாயச் சுருட்டிட்டு எழுந்து போனாங்க, ஏன்னா எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரு காஞ்சனா இருக்கா. கேரளால இப்பவும் அந்தப் பேரு சொன்னா போதும், விளக்கமே வேண்டாம்.

மூணாவது வருஷம் நாலு படத்துக்கு சேத்து குடுத்தாங்க, அதுல ஒண்ணு மோகன்லாலோட 'பரதம்'. அப்புறம் 1995-ல 'கழகம்', 2006-ல 'மதுசந்திரலேகா', 2023 வருஷத்துக்கு 'உள்ளொழுக்கு', ஆக மொத்தம் ஆறு. நடுவுல 'ஸ்படிகம்' இருக்கு, 'மிதுனம்' இருக்கு. கொஞ்ச வருஷம் இடைவெளி விட்டு 2005-ல 'அச்சுவின்டெ அம்ம' பண்ணாங்க, எல்ஐசி ஏஜென்ட் வனஜாவா, அதுக்கு தேசிய விருதும் வந்துச்சு. ரெண்டு மூணு படத்துக்கு கதையும் எழுதியிருக்காங்க, ஒரு படம் சொந்தமா தயாரிச்சாங்க. இதுல எதுவும் உங்க அரைப்பக்கத்துல இல்ல.

தமிழ்ல பண்ணதையாச்சும் ஒழுங்கா சொன்னீங்களா? "கமலுடன் நகைச்சுவை"ன்னு ஒரு வரி. 'மைக்கேல் மதன காம ராஜன்' திரிபுரசுந்தரி வெறும் காமெடியா சார்? பாட்டி கைநீளம், கண்ணுல பட்டத சுட்டுடுவா, பேத்திக்கு மானம் போகுது, ஆனா பாட்டிய விட்டுக்குடுக்கவும் முடியல. ஊர்வசி அதுல கண்ண உருட்டி நாக்க கடிச்சு ஒரு தவிப்பு தவிப்பாங்க, நாம சிரிக்கிறோம், அந்தப் பொண்ணு சிரிக்கல. அதுதான் விஷயமே. அவங்க காமெடி பண்ணும்போது கேரக்டருக்கு அது காமெடின்னு தெரியாது. 'மகளிர் மட்டும்' ஜானகியும் அப்படித்தான், ரேவதி, ரோகிணின்னு ரெண்டு பெரிய ஆளுங்க பக்கத்துல இருந்தாலும், ஆபீஸ்ல மேலதிகாரி தொல்லைய வெளிய சொல்ல முடியாம மென்னு முழுங்குற நடுத்தரக் குடும்பப் பொண்ண அப்படியே கொண்டு வந்திருப்பாங்க. அந்தப் படம் வந்தது 1994-ல, இன்னைக்கு இதெல்லாம் பெரிய விவாதமா இருக்கு, அன்னைக்கு சிரிச்சிட்டே சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் 'பஞ்சதந்திரம்' அம்மிணி. அதுலயும் ஜெயராம்தான் புருஷன். பழனில 1989-ல பார்த்த அதே ஜோடி 2002-ல சண்டை போடுது, 2020-ல 'புத்தம் புது காலை'ல வயசான காலத்துல திரும்ப காதலிக்குது. இத ஒரு கட்டுரையா எழுதலாம்ல சார், படிக்க எவ்ளோ நல்லா இருக்கும். அந்த வருஷம் லாக்டவுன்ல ஒரு மாசத்துக்குள்ள அவங்களோட மூணு படம் ஓடிடில வந்துச்சு, அக்டோபர்ல 'புத்தம் புது காலை', நவம்பர்ல 'சூரரைப் போற்று', ரெண்டு நாள் கழிச்சு தீபாவளிக்கு 'மூக்குத்தி அம்மன்'. ஒண்ணுல காதலி, ஒண்ணுல சூர்யாவோட அம்மா பேச்சி, ஒண்ணுல திருப்பதிக்கு போக முடியாத குடும்பத்து அம்மா. பேச்சி மகன போட்டு அடிச்சு அழுற சீன் இருக்கே, அப்பா சாவுக்கு வந்து சேர முடியாத பையன, அந்த சீன்ல நான் டிவிய நிறுத்தி வச்சிட்டு தண்ணி குடிச்சிட்டு வந்துதான் மிச்சம் பார்த்தேன். இத்தனைக்கும் மூணையும் ஒரே பொட்டில போட்டு 'அம்மா நடிகை'ன்னு பேர் எழுதி ஒட்டிட்டோம்.

இந்த 'குணச்சித்திரம்'ங்கிற வார்த்தை மேலதான் எனக்கு கோபம். 2025 ஆகஸ்ட்ல தேசிய விருது அறிவிச்சாங்க, 'உள்ளொழுக்கு'க்காக ஊர்வசிக்கு சிறந்த துணை நடிகை. அதே படம், அதே லீலாம்மாங்கிற மாமியார் கேரக்டர், கேரளாவுல அதுக்கு முந்தின வருஷம் சிறந்த நடிகைன்னு குடுத்துட்டாங்க, டெல்லில அது துணை ஆயிடுச்சு. படத்த பார்த்தவங்களுக்குத் தெரியும், குட்டநாட்டுல வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, செத்துப்போன மகன புதைக்க தண்ணி வடியணும், பொணத்த வீட்ல வச்சிட்டு மாமியாரும் மருமகளும் நாள் கணக்கா ஒரே கூரைக்கு கீழ. பார்வதியும் ஊர்வசியும்தான் மொத்த படமே. அதுல யாரு யாருக்கு துணை? ஊர்வசியே வெளிப்படையா கேட்டாங்க, எத வச்சு முக்கிய நடிகை, துணை நடிகைன்னு பிரிக்கிறீங்கன்னு. அத கேரளாவுல நாள் கணக்கா பேசுனாங்க. உங்க பேப்பர்ல அன்னைக்கு எம்.எஸ்.பாஸ்கர் அண்ணனுக்கு 'பார்க்கிங்' படத்துக்காக கிடைச்ச விருத முதல் பக்கத்துல போட்டீங்க, ரொம்ப சந்தோஷம், போட வேண்டியதுதான், ஆனா அதே லிஸ்ட்ல ஊர்வசி பேரு கடைசி வரில "மேலும்"னு ஒரு வார்த்தைக்கு அப்புறம் வந்துச்சு.

அவங்க மலையாள நடிகைதானே, நமக்கென்னன்னு நீங்க கேக்கலாம். நாப்பது வருஷத்துக்கு மேலா தமிழ்ல நடிக்கிறாங்க, பாலக்காட்டுத் தமிழ், மெட்ராஸ் தமிழ், மதுரைப் பேச்சுன்னு எது குடுத்தாலும் பேசுறாங்க, 2024-ல கூட 'ஜெ பேபி'ல வீட்ட விட்டு கிளம்பி கொல்கத்தா வரைக்கும் போயிடுற ஒரு அம்மாவா வந்தாங்க. அந்தப் படம் எங்க ஊர் தியேட்டர்ல ஒரு வாரம்கூட நிக்கல, நான் போன காட்சிக்கு மொத்தம் பதினோரு பேர், இடைவேளைல முறுக்கு விக்கிறவரும் உக்காந்து பார்த்தாரு. படத்துல சில இடம் இழுவைதான், மறைக்க என்ன இருக்கு. ஆனா அந்த அம்மா ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி சிரிச்சு அடுத்த நிமிஷம் பெத்த புள்ளையவே திட்டித் தீர்க்குறத பார்த்தப்ப, எங்க வீட்ல கடைசி காலத்துல ஞாபகம் தப்பிப்போன எங்கம்மை வந்து முன்னாடி நின்னா. இதே அம்மைதான் சார் ஊர்வசி ரெண்டு பேருன்னு சொன்னவ.

ரொம்ப நீளமா எழுதிட்டேன், வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும். எத வேணா வெட்டுங்க, அந்த 1989, 1990, 1991-அ மட்டும் வெட்டாதீங்க. போட்டோவுக்கு ஒரு திருத்தமும் போட்டுடுங்க, கல்பனான்னு பேரு போட்டு.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் வாங்குற வாசகி,
மார்த்தாண்டம்.